வாசல் பக்கம்

கடைசி போல்ட்டை முறுக்கியதும் கியர் பெட்டி செத்துப்போனது.

அதுவரை உயிரோடுதான் இருந்தது. மூடியை வைத்து, போல்ட்டுகளை விரலால் ஏற்றி நிறுத்தியிருந்தபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஷாஃப்டைத் திருகினால் உள்ளே இருந்த பற்சக்கரங்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுற்றின. ஸ்பானரை எடுத்துச் சுற்றிலும் இறுக்கிக்கொண்டு வந்து, முடிவில் ஒரு முறுக்கு. அவ்வளவுதான். ஷாஃப்ட் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றுவிட்டது.

நியூட்ரல் இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"அண்ணே."

"ம்."

"பூட்டிக்கிச்சு."

பக்கத்தில் நின்ற காரின் அடியிலிருந்து ஒரு நரைத்த தலை மட்டும் வெளியே வந்தது.

"எது? பெட்டியா, உன் இடுப்பா?"

"பெட்டிதாண்ணே."

"அப்ப சரி. பெட்டின்னா பிரிச்சுப் பாத்துடலாம்."

சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் ஒரே மாமனார்.

அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை. தங்கையைக் கட்டியவர் நியூட்ரல். இருவரும் சேர்ந்து நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. தெருவுக்கு அது 'சகலை கடை'. "ரெண்டு பேரையும் ஒரே ஆளு ஏமாத்திட்டாரு, அதான் சேந்தே பொழைக்கிறோம்" என்று பெரிய சகலை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மனைவிமார் காதில் விழாத தூரத்தில்தான்.

நியூட்ரல் என்பதும் அவர் வைத்த பெயரே. அக்காவும் தங்கையும் முட்டிக்கொள்ளும்போது இவர் நடுவில் நின்று, "அவங்க சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி" என்பார். எந்தக் கியரிலும் விழாத மனிதர். ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை, அந்தக் குணமும் போகவில்லை.

இந்தக் கியர் பெட்டியைப் பிரித்தவர் பெரிய சகலை. தேய்ந்ததை மாற்றி, சக்கரங்களை ஷாஃப்டில் கோத்தவர் நியூட்ரல். கியரை நகர்த்தும் கம்பிகளைப் பொருத்தியவர் மறுபடியும் பெரிய சகலை. சாதாரண நாளாக இருந்தால், யார் தப்பு என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாக வாரிவிட்டு, டீ குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பிரித்திருப்பார்கள்.

இன்று சாதாரண நாள் இல்லை. அது நியூட்ரலுக்கு மட்டும் தெரியும்.

* * *

காலையில் கடையைத் திறக்கும் முன்பே அண்ணி போனில் கூப்பிட்டிருந்தார். பெரிய சகலையின் மனைவி.

"தம்பி, அவரு பக்கத்துல இருக்காரா?"

"இன்னும் வரலண்ணி."

"நேத்து ஜன்னல் திரையக் காட்டி, நீ இத எப்ப வாங்கினன்னு கேக்குறாரு. என்னைய வெயில்ல நிக்க வெச்சு, நாலு கடை ஏறி, இந்த நிறந்தான் வேணும்னு வாங்கினதே அவருதான்."

"மறந்திருப்பாரு அண்ணி. நானே வீட்டுல…"

"நீங்க சும்மா இருங்க. நீங்க எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "திரைய மறந்தா வீட்டோட போச்சு தம்பி. யாரோட காருலயாவது எதையாவது மறந்துட்டா? அதுல புள்ளைங்க உக்காந்திருந்தா?"

நியூட்ரலுக்கு அதற்கு 'அதுவும் சரி' என்று சொல்ல வாய் வரவில்லை.

"இப்ப கையில இருக்கிற பெட்டி அவரு பிரிச்சதுதான? அதப் பாத்துச் சொல்லுங்க. அவரு கை சரியா இருக்கா இல்லையான்னு. சரியில்லன்னா நாளையிலேருந்து அவரு பெஞ்சுகிட்ட வர மாட்டாரு. அத நான் பாத்துக்கிறேன். நீங்க உள்ளதச் சொன்னாப் போதும்."

"அண்ணனுக்குப் பெஞ்சு இல்லன்னா வேற என்ன அண்ணி இருக்கு?"

"தெரியும். அது தெரியாத ஆளா இருந்தா உங்களக் கேட்டிருக்க மாட்டேன். என் தங்கச்சியக் கேட்டிருப்பேன். அவ ஒரே வார்த்தையில முடிச்சிருப்பா."

போனை வைத்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தார் நியூட்ரல். முழுக் காலையும் பெட்டியைக் கோக்கும்போது மனம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. ஓடிடணும். இது மட்டும் ஓடிடணும்.

ஓடவில்லை. பூட்டிக்கொண்டது.

* * *

"ஷாஃப்டக் கையில பிடிச்சுக்கிட்டே போல்ட்ட ஒவ்வொண்ணாத் தளர்த்து" என்றார் பெரிய சகலை. பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிர்ப்பக்கம் நின்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தளர்த்தியபோது ஷாஃப்ட் பெருமூச்சு விட்ட மாதிரி நகர்ந்தது.

"இறுக்கினா சாகுது, தளர்த்தினா பொழைக்குது. அப்படின்னா உள்ள எதோ உயரமா நிக்குது. மூடி வெக்கிறப்பவே தூக்கிக்கிட்டு இருந்துச்சா?"

நியூட்ரல் யோசித்தார். இருந்தது. ஒரு மயிரிழை.

"கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்தப் போல்ட்ட வெச்சு அமுக்கிட்ட."

"அமுங்குச்சே."

"கூட்டமான பஸ்ஸுல கதவ அமுக்கினா மூடத்தான் செய்யும். உள்ள இருக்கிறவன் மூச்சு விடணும்ல."

மூடியைத் தூக்கினார்கள். முதல் சந்தேகம் மோதிரங்கள் மேல். வேகமாகச் சுற்றும் ஒரு சக்கரத்தை மெதுவாகச் சுற்றும் இன்னொன்றோடு சேர்க்கும் முன், இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் பித்தளை மோதிரங்கள் அவை. சிங்க்ரோ வளையம் என்பார்கள். இந்தக் கார் டிரைவிங் சொல்லித்தரும் ஒரு டீச்சருடையது. அவரிடம் படிப்பவர்கள் பழைய மோதிரங்களைக் கடித்தே தின்றிருந்தார்கள். புதிது போட்டிருந்தார்கள். மோதிரத்தின் வெட்டில் அதற்குரிய 'சாவி' என்னும் சின்ன இரும்புத் துண்டு இறங்காவிட்டால் மோதிரம் எழுந்து நிற்கும். பெரிய சகலை ஒவ்வொன்றையும் நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். எல்லாம் இறங்கித்தான் இருந்தன.

அடுத்து வாஷர்கள். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

மிச்சமிருந்தது ஹப். மூன்றாவது கியருக்கும் நாலாவதுக்கும் நடுவே உட்காரும் பல் வைத்த வட்டு. முதல் பார்வைக்கு இரண்டு முகமும் ஒன்றுபோல இருக்கும். ஒரு முகத்தில் மட்டும் நடுவில் மெல்லிய பள்ளம். ஷாஃப்டில் படிபோல் தடித்த விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும். திருப்பிப் போட்டால் இறங்காது. போகிற இடத்தில் எல்லாம் எழுந்து நிற்கிற ஆள் மாதிரி, மற்றவர்களுக்கும் உட்கார இடம் விடாது.

இதற்காகத்தான் கடையில் நெய்ல் பாலிஷ் இருந்தது. அண்ணி வாங்கி, பூசிப் பார்த்து, பிடிக்காமல் தூக்கி எறியப் போன கத்திரிப்பூ நிறம். டீசலில் போட்டுக் கழுவினாலும் போகாது. பெரிய சகலை எந்தப் பெட்டியைப் பிரித்தாலும், கழற்றும் ஒவ்வொன்றின் வாசல் முகத்திலும் அதில் ஒரு பொட்டு வைப்பார்.

வாசல் என்பது சகலை கடையின் சொல். பெட்டியைப் பெஞ்சில் வைக்கும்போது, எஞ்சினோடு சேரும் வாய் எப்போதும் தெருப் பக்கத்து ஷட்டரைப் பார்க்கும். அதனால் எஞ்சின் பக்கம் வாசல். வால் பக்கம் கொல்லை. வேறு கடையிலிருந்து வந்து பார்க்கிறவர்களுக்கு இவர்கள் பேசுவது ஏதோ வீடு கட்டுகிற பேச்சு மாதிரி இருக்கும்.

"பாருங்கண்ணே" என்றார் நியூட்ரல். ஷாஃப்டைக் காட்டினார். "பாலிஷ் வாசலப் பாத்துத்தான் போட்டிருக்கேன்."

பொட்டு எஞ்சின் பக்கம்தான் பார்த்தது. பெரிய சகலை ஹப்பை உருவி வெளிச்சத்தில் திருப்பினார். பள்ளம் எந்த முகத்தில் இருக்க வேண்டுமோ அந்த முகத்தில் இல்லை.

"அப்ப பாலிஷ் தப்பு" என்றார் நியூட்ரல், யோசிக்காமல்.

"நான் பாலிஷ் வெச்சா தப்பா வெக்க மாட்டேன்."

"வெச்சிருக்கீங்களே."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பெரிய சகலை பதிலுக்கு எதையாவது எடுத்து வீசுவார், குறைந்தது மாமனாரையாவது இழுப்பார் என்று காத்திருந்தார். அவர் கத்திரிப்பூப் பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்தால் போகாது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அப்படியா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை நியூட்ரலுக்குப் பிடிக்கவே இல்லை. சட்டைப் பையில் இருந்த போன் திடீரென்று கனத்தது. அண்ணிக்கு என்ன சொல்வது?

போன் அடித்தது.

* * *

அண்ணி இல்லை. டீச்சர்.

"வாசல்ல நிக்கிறேன். கதவத் தட்டித் தட்டிக் கை வலிக்குது. கடையில ஆள் இருக்கீங்களா, இல்ல என் காரோட ஓடிட்டீங்களா?"

"வந்துட்டோம் டீச்சர்." போனைப் பையில் போட்டுக்கொண்டே, "அண்ணே, டீச்சர் வாசல்ல நிக்கிறாங்களாம்" என்றார்.

இருவரும் திரும்பி நடந்தார்கள்.

நியூட்ரல் பின்கதவைத் திறந்தார். டீச்சர் கையில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார்.

"ஏன் டீச்சர்?"

"ஆளுக்கொரு திசையில போறீங்களே."

நியூட்ரல் திரும்பிப் பார்த்தார். பெரிய சகலை கடையின் அந்தக் கோடியில், ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, குனிந்து, வெளியே இருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். தோண்டியவர்கள் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து கார்கள் வருவதும் போவதும் பின்சந்து வழியாகத்தான். வாடிக்கையாளர்கள், உதிரி பாகம் கொண்டு வருகிறவர், டீக்கடைக்காரர், எல்லோரும் பின்கதவைத் தட்டினார்கள். எல்லோரும் அதை வாசல் என்றார்கள். நியூட்ரலும்தான்.

"அண்ணே, அங்க ஏன் போனீங்க?"

"நீதான வாசல்ல நிக்கிறாங்கன்ன."

"வாசல் இங்க இருக்குண்ணே."

"அது கொல்லை" என்றார் பெரிய சகலை, குழந்தைக்குச் சொல்வது போல.

நியூட்ரல் அப்படியே நின்றார். பிறகு டீச்சரை மறந்துவிட்டுப் பெஞ்சுக்கு ஓடினார்.

"அண்ணே, இந்தப் பெட்டிய எந்த வழியா உள்ள கொண்டுவந்தோம்?"

"பின்னாடி வழியாத்தான். முன்னாடிதான் பள்ளமாச்சே."

"அப்ப பெஞ்சுல வெச்சப்ப வாய் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பெரிய சகலை பெஞ்சைப் பார்த்தார். பெட்டியை இறக்கும் பளு தூக்கியைப் பார்த்தார். அது இப்போது பின்கதவுப் பக்கம் நின்றது. கையைக் காற்றில் நீட்டி ஒரு பெட்டியை இறக்கினார், அந்தக் கை தானாகவே பின்பக்கம் திரும்பி நின்றது.

"கொல்லையப் பாத்து" என்றார் மெதுவாக.

"பாலிஷ் வெச்சது?"

"ஷட்டரப் பாத்து."

கழற்றி வைத்திருந்த மற்றச் சக்கரங்களை நியூட்ரல் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினார். எல்லாவற்றிலும் பொட்டு எதிர்ப்பக்கம். அவை ஒரு பக்கமாகத்தான் ஷாஃப்டில் ஏறும் என்பதால் அவர் பொட்டைப் பார்க்காமலேயே கோத்திருந்தார். திருப்பிப் போட்டாலும் போகக்கூடியது இந்த ஹப் ஒன்றுதான். அதற்கு மட்டும் பொட்டை நம்பினார். மாட்டிக்கொண்டார்.

"என் கை பழைய வாசலுக்கே பொட்டு வெச்சிருக்கு" என்றார் பெரிய சகலை. "வாசலு எடம் மாறினது எனக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லல போலிருக்கு."

அப்போது சிரித்தார். நியூட்ரலும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே டீச்சரும் சிரித்துவிட்டு, "கார் எப்பங்க கிடைக்கும்? நாளைக்குக் காலையில நாலு பேருக்கு டெஸ்ட்டு" என்றார்.

நியூட்ரல் பின்கதவைத் தாண்டிச் சந்துக்கு வந்து போனை எடுத்தார்.

"அண்ணி, மறதி இல்ல. நேர் எதிரு. ரொம்ப ஞாபகம்." நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார். எந்த விஷயத்திலும் இவ்வளவு தீர்மானமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எனக்காகச் சொல்லலியே தம்பி?"

"சத்தியமா இல்ல. அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. அவரு கை சரியாத்தான் இருக்கு."

"சரி. இனிமே நான் அவரக் கேள்வி கேக்கல."

* * *

ஹப் திரும்பியது. மூடி இந்தத் தடவை தானாக இறங்கி உட்கார்ந்தது, மயிரிழைகூடத் தூக்கவில்லை. போல்ட்டுகளை இறுக்க இறுக்க ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. பழைய டயரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டீச்சர் மெதுவாகக் கை தட்டினார்.

"இருங்க டீச்சர்" என்றார் பெரிய சகலை. "இன்னும் ஒண்ணு பாக்கி."

அது அவருடைய பழக்கம். வேறு யாரும் செய்து நியூட்ரல் பார்த்ததில்லை, அவரும் செய்வதில்லை. பெட்டிக்குள் கியர்களை நகர்த்துகிற கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்று உள்ளே போனால் மற்றது அசையக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் பெட்டி இரண்டு கியரில் விழும். இரண்டு வேகத்தில் ஒரே ஷாஃப்ட் எப்படிச் சுற்றும்? சுற்றாது. ஓடும் கார் ஓடுகிற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்க, கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன இரும்புக் குண்டு காவல் நிற்கும். ஒரு கம்பி நகர்ந்தால் குண்டு மற்றதன் கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய சகலை ஒரு கம்பியை உள்ளே தள்ளினார். முதல் கியர். பிறகு வேண்டுமென்றே அடுத்த கம்பியைத் திருப்புளியால் நெம்பினார். நகரக்கூடாது.

நகர்ந்தது. சுலபமாக, வெண்ணெயில் போவது போல.

ஷாஃப்டைத் திருகினார். செத்திருந்தது.

"மறுபடியுமா?" என்றார் டீச்சர்.

"குண்டக் காணோம்" என்றார் பெரிய சகலை.

டீச்சர் டம்ளரோடு எழுந்து நின்றார்.

"வெடிக்கிறது இல்ல டீச்சர். உருளுறது" என்றார் நியூட்ரல். சொல்லும்போதே தன் குரல் தனக்கு அந்நியமாகக் கேட்டது. குண்டு பெரிய சகலையின் வேலை. தொட்டது அவர் மட்டும்தான்.

"போட்டேன் சகலை. கிரீஸ் தடவி, ஒட்ட வெச்சு, உள்ள தள்ளினேன். அந்த வழவழப்பு விரல்ல இன்னும் இருக்கு."

டீச்சருக்கு அவரிடம் படிக்கிறவர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே சந்துக்குப் போனார். இருவரும் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்கள். துளை முழுக்கக் கிரீஸ் இருந்தது. அழகாக, விரல் ரேகை பதிய, நிரப்பியிருந்தது. குண்டு இல்லை.

காந்தத்தைக் கயிற்றில் கட்டி பெட்டியின் அடிவரை இறக்கினார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. நியூட்ரல் மண்டியிட்டுத் தரையைத் தடவினார். பெஞ்சுக்கு அடியில், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியில், டீச்சர் உட்கார்ந்திருந்த டயருக்குள். கிடைத்ததெல்லாம் போன வருஷத்து நட்டுகள்.

"இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல" என்று பெரிய சகலை மூக்குக் கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்தார்.

கண்ணாடியோடு, கண்ணாடிக்கு அடியில், மெல்லிய துணியின் மடிப்பில், குண்டு இருந்தது. பளபளவென்று. கிரீஸ் படாமல்.

தொலையாமல் இருக்கட்டும் என்று வைத்திருப்பார். துளையில் கிரீஸ் தடவியிருப்பார். அடுத்துக் குண்டை எடுக்க வேண்டிய அந்த ஒரு கணம் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. போட்டாயிற்று என்று மனம் எழுதிக்கொண்டது. அதில் வாசலும் இல்லை, பள்ளமும் இல்லை. யார் மேலும் பழி போட வழியில்லை.

பெரிய சகலை அதை விரலால் எடுத்து ஒரு மரத்துண்டின் மேல் வைத்தார். அது கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

"அவகிட்ட என்ன சொன்ன?"

"யாருகிட்டண்ணே?"

"உங்கண்ணிகிட்ட. சந்துல நின்னு சிரிச்சுக்கிட்டே பேசினியே. உன் பொண்டாட்டிகிட்டன்னா சிரிச்சுக்கிட்டா பேசுவ?"

நியூட்ரல் தரையிலிருந்து எழவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"பாலிஷுக்கு அது சரி." குண்டைத் தொடாமல் பார்த்தார். "இதுக்கு வாசலும் கெடையாது, கொல்லையும் கெடையாது. உருண்டை. எப்படி வெச்சாலும் சரிதான். வெக்கணும். அவ்வளவுதான்."

"யாரும் பாக்கலண்ணே. போட்டு மூடினா முடிஞ்சுது. நீங்கதான சோதிச்சுக் கண்டுபிடிச்சீங்க? நான் சோதிச்சிருக்கவே மாட்டேன். இத யாரு மறதின்னு சொல்வா?"

"சோதிக்க மறந்துட்டா?"

சந்தில் டீச்சரின் குரல் கேட்டது. யாருக்கோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளட்ச்ச மிதிச்சுட்டுப் போடுங்கம்மா, பயப்படாதீங்க, கார் உங்களக் கடிக்காது.

பெரிய சகலை கையை நீட்டினார். "போனக் கொடு. என்னோடதுல சார்ஜ் இல்ல."

நியூட்ரல் கொடுத்தார். அவர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு பெஞ்சில் வைத்தார், குண்டுக்குப் பக்கத்தில்.

"சொல்லுங்க தம்பி" என்றது அண்ணியின் குரல். காலையில் இருந்த குரல் இல்லை, லேசாகியிருந்தது.

"தம்பி இல்ல. நான்."

"என்னங்க, சாப்டீங்களா?"

"சாப்பாடு இருக்கட்டும். அவன் உங்கிட்ட பாதி சொன்னான். மீதிய நான் சொல்றேன்." சொன்னார். வேலையைச் சொல்வது போல, படிப்படியாக, கிரீஸ், துளை, கண்ணாடிக் கூடு. தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம்.

"திரை மட்டுமில்ல" என்றார் அவரே. "உனக்குத் தெரியாத ரெண்டு மூணு இருக்கு. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"டாக்டர்ட்டப் போலாமாங்க?"

"போலாம்."

 பிறகு, "தம்பி அங்க இருக்காரா?" என்றார் அண்ணி.

"இருக்கேண்ணி."

"பெஞ்சுக்கு அவரு வரலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க. ரெண்டும் சரின்னு மட்டும் சொல்லாதீங்க."

பெரிய சகலை வேறெங்கோ பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை. நியூட்ரல் குண்டைப் பார்த்தார். வரலாம் என்றால் நாளைக்கு ஒரு கார். அதில் யாரோ ஒருவர். வேண்டாம் என்றால் இவர்.

"வரட்டும்" என்றார். "ஆனா தனியா இல்ல. அவரு போடுறது ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லணும். நான் கண்ணால பாத்துட்டு ஆமான்னு சொல்லணும். ஆமான்னு சொல்லாம மூடி மூட மாட்டோம். என் வேலைக்கும் இதேதான், நான் சொல்லணும், அண்ணன் பாக்கணும். நான்தான மூடிய அமுக்கி மூடினேன்." மூச்சு வாங்கியது. "டாக்டரு வேற மாதிரி சொன்னா, அப்ப நானே அவரக் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுடுவேன். உங்களச் சொல்ல வெக்க மாட்டேன்."

"அப்பவும் அவரு கேக்கலன்னா?"

"கேப்பேன்" என்றார் பெரிய சகலை, ஸ்பானர்களைப் பார்த்தபடியே.

அண்ணி, "சரி" என்றார். வைக்கும் முன், "தம்பி, கியரு விழுந்துடுச்சு போலிருக்கே" என்றும் சொன்னார்.

பெரிய சகலை குண்டை எடுத்தார். கிரீஸில் தோய்த்தார். துளைக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதற்கு நிற்கிறார் என்று புரியாமல் நியூட்ரல் பார்த்தார்.

"குண்டு போடுறேன்" என்றார் பெரிய சகலை, கொஞ்சம் வெட்கத்தோடு.

நியூட்ரல் குனிந்து பார்த்தார். குண்டு உள்ளே போனது.

"ஆமாண்ணே" என்றார்.

* * *

பெட்டி காரில் ஏறி, எண்ணெய் ஊற்றி முடித்தபோது வெயில் தணிந்திருந்தது. டீச்சர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய சகலை. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்தன, படிக்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் டீச்சர் உயிர் பிழைக்கும் வழி. பின் சீட்டில் நியூட்ரல்.

சந்தைத் தாண்டி, கடைகள் இருக்கும் தெருவைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தார்கள். முதல், இரண்டாவது. மூன்றாவது போடும்போது டீச்சர் பழக்கத்தால் தோளைச் சுருக்கினார், கரகரப்புக்குக் காத்திருப்பவர் போல. ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது.

"என் காரா இது?" என்றார். "நாளைக்கு இவங்க எல்லாம் பாஸ் ஆயிடுவாங்க போலிருக்கே. அப்புறம் நான் யாருக்குச் சொல்லித்தரது?"

பெரிய சகலை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கியருக்கும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து நியூட்ரல் அவர் உதட்டைக் கண்ணாடியில் பார்த்து, தனக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் ஆமா சொல்லிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், கடைத் தெருவின் முனையில், மண் வண்டி ஒன்று எதிரே வந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு பின்னால் தொங்கிக்கொண்டு போனார்கள். ஷட்டருக்கு முன்னால் இருந்த பள்ளம் மூடப்பட்டிருந்தது. ஈர மண் மேடாக, கார் ஏறக்கூடிய அளவுக்கு.

"வாசல்ல நிறுத்துங்க டீச்சர்" என்றார் பெரிய சகலை.

டீச்சர் வேகத்தைக் குறைத்தார். வலப்பக்கம் சந்து. நேரே ஷட்டர்.

"எந்த வாசல்?"

பெரிய சகலை வாயைத் திறந்தார். மூடினார். சந்தைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார். மறந்ததால் அல்ல, இரண்டும் நினைவில் இருந்ததால் என்று நியூட்ரல் நினைத்துக்கொண்டார். நிச்சயமாகத் தெரியவில்லை. இனிமேல் ஒவ்வொரு தடவையும் நிச்சயமாகத் தெரியப்போவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பெரிய சகலை தலையைத் திருப்பி, "நீ சொல்லு சகலை" என்றார்.

"நேரா, டீச்சர்" என்றார் நியூட்ரல். "ஷட்டர் பக்கம். அதான் வாசல்."

டீச்சர் கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியருக்கு இறக்கினார். சத்தமே இல்லாமல் விழுந்தது.